என்ன மெஷின் வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. லேத்தும் சிஎன்சி மெஷின்களுமாக இரண்டு ஷிஃப்ட் ஓடுகிறது. வண்டி இன்ஜினுக்கான சின்னச் சின்னப் பாகங்களைக் கடைந்து பெரிய சப்ளையர்களுக்கு அனுப்புகிறார்கள். பெரியவர் ஆரம்பித்த தொழில். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். என்னை முதல்முறை அழைத்தபோது, காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பெரியவர் கேட்டார்: "ஏம்மா, எல்லாரும் ஏஐ, ஏஐங்கறாங்க. எதை வாங்கணும்னு நீயே சொல்லிடு, வாங்கிடறோம்."

வரப்போகும் தொழில்நுட்பம் தங்கள் தொழிலை என்ன செய்யும் என்று நிறுவனங்கள் யோசிக்க, கூட உட்கார்ந்து உதவுவது என் வேலை. பட்டறை, பள்ளிக்கூடம், கிளினிக், கூட்டுறவுச் சங்கம் என்று எங்கே போனாலும் பேச்சு இப்படிக் கடையில்தான் தொடங்குகிறது. எதை வாங்குவது, என்ன விலை, யாரிடம் வாங்குவது. என்னைக் கேட்டால் பேச்சு நம்முடைய வேலையிலிருந்து தொடங்க வேண்டும். நாம் செய்வதில் எதற்கு இன்றைக்கு ஒருவர் பணம் கொடுக்கிறார்? அவர் நாளைக்கு அதை ஏன் நிறுத்தக்கூடும்? இதற்கு விடை தெரியாமல் வாங்கும் மெஷின், நல்ல மெஷினாகவே இருந்தாலும், நமக்கு உதவாது.

அதனால் பெரியவரிடம் வேறொன்று கேட்டேன். நீங்கள் செய்கிற பாகங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பிளை இந்த மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றேன். பழைய செய்தித்தாளை விரித்து, சூப்பர்வைசர் அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மூன்று குவியல் போட்டோம். பெட்ரோல் இன்ஜின் போனால் கூடவே போவது ஒரு குவியல். இன்ஜின் போனாலும் இருக்கப்போவது இன்னொன்று. தெரியாதது மூன்றாவது.

இன்ஜினுக்குள் இருக்கும் வால்வு கைடும் பிஸ்டன் பின்னும் யோசிக்காமலே முதல் குவியலுக்குப் போயின. சஸ்பென்ஷன் புஷ், ஸ்டியரிங் பக்கத்துப் பாகங்கள் இரண்டாவதுக்கு. எந்த வண்டியானாலும் மேடுபள்ளத்தில் போக வேண்டும், திரும்ப வேண்டும். பிரேக் பாகத்தில் வாக்குவாதம் வந்தது. மின்சார வண்டிக்கும் பிரேக் உண்டு. ஆனால் வேகத்தைக் குறைக்கும் வேலையில் ஒரு பங்கை மோட்டாரே எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மின்சாரம் திருப்பி அனுப்புவதால் பிரேக் பேட் மெதுவாகத் தேய்கிறது. ஆகவே புது வண்டிக்கு ஆர்டர் இருக்கும், மாற்றுப் பாக வியாபாரம் மெலியும். கியர் இன்னும் சிக்கல். மின்சார வண்டியில் பெரும்பாலும் பல கியர் கிடையாது. இருக்கிற ஒரு செட் கியரும் மிக நுணுக்கமாக அரைக்கப்பட்டிருக்க வேண்டும். இன்ஜின் சத்தம் இல்லாத வண்டியில் கியரின் சின்ன இரைச்சல்கூடக் காதில் விழும் அல்லவா. "அப்போ நம்மகிட்ட இருக்கற கிரைண்டிங் மெஷின் பத்தாது" என்றார் சூப்பர்வைசர். எந்த மெஷின் என்ற பேச்சு அப்போதுதான் முதல்முறையாகச் சரியான இடத்திலிருந்து வந்தது.

முதல் குவியல்தான் பெரிதாக இருந்தது. பெரியவர் அதிலிருந்து ஒரு பின்னை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார், வெகுநேரம் பேசவில்லை.

நாளைக்கே பெட்ரோல் வண்டி நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ராய் அமாரா என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்னதை எங்கள் துறையில் அடிக்கடி நினைத்துக்கொள்வோம்: ஒரு தொழில்நுட்பம் உடனடியாக என்ன செய்யும் என்பதை நாம் மிகையாக மதிப்பிடுகிறோம், நீண்ட காலத்தில் என்ன செய்யும் என்பதைக் குறைவாக மதிப்பிடுகிறோம். ஓடுகிற வண்டி சாலையில் இருக்கும்வரை அதற்கு ஸ்பேர் வேண்டும். ஆனால் புது மாடலுக்கான டிராயிங் யார் மேசைக்குப் போகிறது என்பது வண்டிகள் சாலைக்கு வருவதற்குச் சில வருடங்கள் முன்பே முடிவாகிவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மின்சாரக் கார்கள் தயாராகத் தொடங்கியாகிவிட்டது. இந்தப் பாகத்தைச் செய்து தர முடியுமா, என்ன விலை என்று கேட்கும் விசாரணைக் கடிதம் நம்மிடம் வரவில்லை என்றால் அது வேறு யாருக்கோ போயிருக்கிறது.

எதிர்காலம் என்றால் ஏதோ மூட்டத்துக்குள் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஒரு பகுதி தேதி போட்டே வருகிறது. வண்டிப் புகைக்கான பிஎஸ் 6 மாசு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஸ் 5 ஐத் தாண்டி நேராக 6 க்குப் போவோம் என்று அரசு அறிவித்தது 2016 ஜனவரியில். பிஎஸ் 4 வண்டிகளை 2020 மார்ச் 31 க்குப் பிறகு விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 அக்டோபரில். அதனால் இருசக்கர வண்டிகளில் இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. நான்கு வருடம் முன்பே தெரிந்த விஷயம்! ஜிஎஸ்டி பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸும் அப்படித்தான். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது. அப்புறம் 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்து நின்றது. படிப்படியாக இறங்கி வருவது கண்ணுக்கு எதிரே தெரிந்தும், அந்த ஜூலைக் கடைசியில் எனக்கு வந்த போன்களில் இருந்த பதற்றம் மனதை வருத்தியது. ஆடிட்டர் சொல்லட்டும் என்று காத்திருந்தவர்கள்தான் பெரும்பாலும்.

தேதி போடாமல் பக்கவாட்டில் வருவதும் உண்டு. 2016 நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றானதும், கடைக்காரர்கள் கார்டு தேய்க்கும் மெஷினுக்கு வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அதே வருடம் வந்திருந்த யுபிஐ பக்கம் பலருடைய கண் போகவில்லை. கடைசியில் தெருமுனைப் பூக்கடை வரைக்கும் போனது அந்த மெஷின் இல்லை, ஒரு தாளில் அச்சடித்த கியூஆர் கோடுதான். அதை ஒட்டக் கடைக்காரர் பெரிதாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. அதனால் புதிதாக ஒன்றைப் பார்க்கும்போது அது எவ்வளவு புத்திசாலித்தனமானது என்பதைவிட, எடுத்துப் பயன்படுத்துகிறவருக்கு எவ்வளவு சுலபம் என்று பார்க்கச் சொல்வேன்.

இப்படி வருவதற்கு ஜோசியம் உதவாது, கதை உதவும். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் 1970-களின் தொடக்கத்தில் பியர் வாக் என்பவரும் அவரது குழுவும் செய்தது அதுதான். எண்ணெய் வளம் உள்ள நாடுகள் சப்ளையை இறுக்கினால் விலை என்ன ஆகும், நாம் என்ன செய்வோம் என்று மேலாளர்கள் முன்னால் ஒரு கதையாக வைத்தார்கள். 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி நிஜமாகவே வந்தபோது, அப்படி ஒரு நாளை முன்பே யோசித்துப் பார்த்தவர்களாக அவர்கள் இருந்தார்கள்.

அம்பத்தூரிலும் அதைச் செய்தோம். 2032-ல் நம் பட்டறையில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். மகன் எழுதியதில் ரோபோ இருந்தது. டெஸ்பாட்ச் பார்க்கும் அண்ணன் எழுதியதில் அட்டைப்பெட்டிதான் இருந்தது. "எண்ணெய் தடவிச் சாக்குல கட்டி அனுப்பறது இருக்காது சார். தூசி, பிசிறு ஒண்ணும் இல்லாம, துடைச்சு, மூடின பெட்டியில போகணும்" என்று மகனைப் பார்த்துச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டால், சரக்கு ஏற்ற வருகிற லாரி டிரைவர் வேறொரு கம்பெனியில் பார்த்ததைச் சொன்னாராம். விஷயம் சரியானது. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் பக்கத்தில் ஒரு சின்ன உலோகத் துகள் விழுந்தாலும் ஷார்ட் ஆகலாம். அதனால்தான் அங்கே சுத்தத்துக்கே தனியாக அளவுகோல் வைத்திருக்கிறார்கள். முதலாளி அறைக்கு வராத செய்தி கேட் வரைக்கும் வந்திருந்தது. இந்தக் கூட்டங்களுக்கு மேலாளர்களை மட்டும் அனுப்பாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

சென்னையில் இருந்துகொண்டு தொழில்நுட்ப எதிர்காலம் பேசும்போது நான் விடாமல் கேட்கும் கேள்வி இன்னொன்று: சர்வர் எந்த மாடியில் இருக்கிறது? 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் நின்ற தண்ணீரையும் பார்த்த பிறகும், தரைத்தளத்தில் கம்ப்யூட்டர், அதே மேசையின் கீழ் டிராயரில் பேக்அப் ஹார்ட் டிஸ்க் என்று வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றாக நனையும். ஒரு காப்பி வேறு ஊரிலோ கிளவுடிலோ இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு பில்லைத் திறந்து பாருங்கள், திறக்கிறதா என்று.

டேட்டா நம் கையில் இருக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்தது. ஓர் அறக்கட்டளை நடத்தும் கிளினிக்கில் சாஃப்ட்வேரை மாற்ற நினைத்தபோது, பழைய சாஃப்ட்வேர்காரர் நோயாளிகளின் பதிவுகளைப் பிரிண்ட் போட்டுத்தான் தருவேன் என்றுவிட்டார். பல வருடப் பதிவுகளை இரண்டு பெண்கள் மறுபடி தட்டச்சு செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: நான் விலகும் நாளில் என் தகவல் முழுவதும் எக்செல் மாதிரி வேறு இடத்தில் திறக்கக்கூடிய வடிவத்தில் கிடைக்குமா? அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்? 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைக் கையாள வெளியாளை அமர்த்தினாலும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கே என்கிறது. வெளியாளைக் கைகாட்டித் தப்ப முடியாது.

சரி, பெரியவர் கேட்ட ஏஐ? மின்னஞ்சல் எழுத, கொட்டேஷன் ஒப்பிட, ஆங்கிலக் கடிதத்தைப் புரிந்துகொள்ளத் தாராளமாகப் பயன்படுத்தலாம். எண்களை மட்டும் ஒரு ஆள் சரிபார்க்க வேண்டும். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அம்பத்தூர் பட்டறையில் ஒரு இளம் இன்ஜினியர், கஸ்டமர் கொடுத்த டிராயிங்கை அப்படியே இலவச ஏஐ செயலியில் ஏற்றி விளக்கம் கேட்டிருந்தார். அந்த டிராயிங்கை வெளியே காட்டமாட்டோம் என்று கம்பெனி கையெழுத்துப் போட்டிருக்கிறது. தம்பியைத் திட்டிப் பயனில்லை, யாரும் அவரிடம் சொல்லவில்லை. எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்று அரைப் பக்கம் தமிழில் எழுதிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டினோம்.

அப்புறம் டெஸ்பாட்ச் அறைச் சுவரில் ஒரு தாள். கவனிக்க வேண்டிய மூன்று அறிகுறிகள் அதில் இருக்கின்றன: இன்ஜின் சம்பந்தமில்லாத விசாரணை மாதத்துக்கு எத்தனை வருகிறது, சரக்கோடு சுத்தத்துக்கான ரிப்போர்ட் கேட்கும் கஸ்டமர் எத்தனை பேர், ஷிஃப்டுக்கு மின்சார ஸ்கூட்டரில் வருகிறவர்கள் எத்தனை பேர். எண்களைப் பதிவு செய்வது டெஸ்பாட்ச் அண்ணன். எண் ஏறினால் கிரைண்டிங் மெஷினுக்கு வங்கிக்குப் போவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் போனபோது இரண்டாவது வரியில் நான்கு என்று எழுதியிருந்தது. பெரியவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, வங்கி மேனேஜரைப் பார்க்கப் போகும்போது என்னென்ன காகிதம் எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டார்.