டூயல் கிரெடிட்: "எத்தனை எடுக்கலாம்?" என்று கேட்கும் பெற்றோருக்கு

டெக்சாஸில் ஜனவரி, பிப்ரவரி வந்துவிட்டால் உயர்நிலைப் பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வு தொடங்கிவிடும். இங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்புத் தரும் அரசுக் கல்லூரி) மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். அந்த வாரங்களில் தமிழ்ப் பெற்றோரிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "பொண்ணு பத்தாவது முடிக்கப் போறா. டூயல் கிரெடிட் எத்தனை எடுக்கலாம்?" எந்தப் பாடம், எதற்காக என்று கேட்பவர்கள் குறைவு. யாரோ ஒருவருடைய பையன் பள்ளியை முடிக்கும்போதே அறுபது கிரெடிட் (ஒரு பட்டத்துக்கு வேண்டியதில் ஏறத்தாழ பாதி) சேர்த்துவிட்டான் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்திதான் அந்த "எத்தனை"க்குப் பின்னால் நிற்கிறது.

தெரியாதவர்களுக்காக: பள்ளி மாணவர் ஒருவர் கல்லூரிப் பாடம் ஒன்றைப் படிக்கிறார். அது பள்ளிக் கணக்கிலும் ஏறும், கல்லூரிக் கணக்கிலும் ஏறும். பள்ளி வகுப்பறையிலேயே நடக்கலாம், கல்லூரிக்குப் போய்ப் படிக்கலாம், ஆன்லைனிலும் எடுக்கலாம். மினசோட்டா 1985லேயே மாநிலம் முழுவதற்கும் இதற்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. வாஷிங்டனில் 'ரன்னிங் ஸ்டார்ட்', ஒஹாயோவில் 'காலேஜ் கிரெடிட் பிளஸ்' என்று மாநிலத்துக்கு மாநிலம் பெயரும் விதியும் மாறும். 2022-23இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 25 லட்சம் பள்ளி மாணவர்கள் இப்படிக் கல்லூரிப் பாடம் எடுத்திருக்கிறார்கள். இனி நான் சொல்வது டெக்சாஸ் கணக்கு. வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் விதிகளை அங்கே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கல்லூரி முறையில் படித்து வந்தவர்கள். அங்கே ஒரு பேப்பர் போனால் அரியர். அடுத்த செமஸ்டரில் எழுதி கிளியர் செய்துவிட்டால் விஷயம் முடிந்தது, பட்டத்தை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம். அந்தப் பழக்கத்தில்தான் பல அப்பாக்கள் "எடுத்துப் பார்க்கட்டும், சரிவரலைன்னா பார்த்துக்கலாம்" என்கிறார்கள். இங்கே அது நடக்காது. பதினைந்து வயதில் எடுத்த கல்லூரிப் பாடத்தின் கிரேடு அந்தக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது நிரந்தர மதிப்பெண் பதிவில், ஏறிவிடும். திரும்பப் படித்து 'ஏ' வாங்கலாம். அந்தக் கல்லூரி தன் ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) கணக்கில் பழைய கிரேடை விட்டுவிடக்கூடச் செய்யலாம். ஆனால் பழைய வரி அழியாது, இரண்டு முயற்சியும் அங்கேயே இருக்கும். பாதியில் விலகினால் 'டபிள்யூ' என்று விழும், அதுவும் இருக்கும்.

இது எப்போது உறைக்கும் தெரியுமா? ஏழெட்டு வருடம் கழித்து. மகளை டாக்டராக்க வேண்டும் என்று நினைக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை! டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கான விண்ணப்ப சேவையானாலும், நாடு முழுவதற்குமான சேவையானாலும், மாணவர் படித்த ஒவ்வொரு கல்லூரியின் பதிவையும் கேட்கும். பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடமும் ஜி.பி.ஏ.வில் சேரும். ஒரே பாடத்தை இரண்டு முறை எடுத்திருந்தால் இரண்டு கிரேடும் சேரும். சட்டக் கல்லூரிக்கும் இதே கதைதான். பதினோராம் வகுப்பில் விளையாட்டாக எடுத்த பயாலஜி 1406இல் வாங்கிய 'சி', பட்டப்படிப்பில் உழைத்து வாங்கிய 'ஏ'க்களோடு ஒரே பட்டியலில் நிற்கும். ஜூனியர் வருடத்தில் (பதினோராம் வகுப்பு) ஒரே நேரத்தில் நான்கு பாடம் எழுதிக் கொடுக்கும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது விஷயம் பல வீடுகளில் வருத்தத்தைக் கிளப்பும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அக்டோபரில் ஓர் அம்மா மகனோடு வந்தார். "மேடம், இங்கிலீஷ் 1301ல இவனுக்கு என்ன மார்க்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க, போதும்." திரை என் முன்னால் திறந்திருக்கிறது. ஆனாலும் சொல்ல முடியாது. 1974இல் வந்த ஃபெர்பா என்ற சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கல்விப் பதிவு மாணவருடைய உரிமை. வயது பதினெட்டுக்குக் கீழே என்பது அங்கே கணக்கில் வராது. அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் பெத்த பையங்க. பதினாறு வயசு. என்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"எனக்கு அனுமதி இல்லைங்க. ஆனா தம்பி இங்கதானே இருக்கான், அவனே திறந்து காட்டினா மூணு பேருமா உட்கார்ந்து பார்க்கலாம்" என்றேன்.

அவன் ஃபோனை எடுத்துத் திறந்தான். கட்டுரைக்கு 86. நல்ல மதிப்பெண்தான். அதற்குக் கீழே வாராந்திர டிஸ்கஷன் பதிவுகளில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஞாயிறு இரவு 11:59 கெடு. பள்ளியில் எதையாவது கொடுக்க மறந்தால் ஆசிரியர் மறுநாள் கேட்பார், செயலியில் அம்மாவுக்கே செய்தி போகும். கல்லூரியில் பேராசிரியர் அந்த மாணவனுக்கு மட்டும், அதுவும் கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் எழுதுவார். எழுதியுமிருந்தார், இரண்டு தடவை. அந்த மின்னஞ்சலை இவன் ஆகஸ்டில் பாஸ்வேர்ட் போட்டதோடு சரி, அதன்பின் திறக்கவே இல்லை. ஆங்கிலத்தில் அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. கல்லூரி தன்னிடம் எப்படிப் பேசும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். டிசம்பரில் என்ன கிரேடு வந்தது என்பதை அவன்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

மாணவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கல்லூரி பெற்றோரிடம் பேசலாம், அதற்கென்று படிவம் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் பாஸ்வேர்டை வாங்கி நீங்களே உள்ளே போய்ப் பார்ப்பதும், பிள்ளை பெயரில் பேராசிரியருக்கு நீங்கள் மின்னஞ்சல் எழுதுவதும் வேண்டாம். எழுதிய நடையிலேயே பேராசிரியருக்குத் தெரிந்துவிடும், சங்கடப்படுவது பிள்ளைதான். ஆகஸ்டில் முதல் வாரமே பக்கத்தில் உட்கார்ந்து, பாடத்திட்டத் தாளில் உள்ள கெடுக்கள் எல்லாவற்றையும் பிள்ளையையே தன் காலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். கல்லூரி மின்னஞ்சலை ஃபோனில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரம் எந்த டியூஷனையும்விடப் பெரிது.

சரி, எந்தப் பாடம்? டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் பொதுவான பாட எண் முறை இருக்கிறது. ஹிஸ்டரி 1301 ஹூஸ்டனில் எடுத்தாலும் டாலஸில் எடுத்தாலும் ஒரே பாடம். எண்ணில் இரண்டாவது இலக்கம் எத்தனை கிரெடிட் என்பதைச் சொல்லும்: கால்குலஸ் 2413க்கு நான்கு. எல்லா அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக 42 கிரெடிட் கொண்ட 'கோர்' என்ற அடிப்படைப் பாடத் தொகுதி உண்டு. அமெரிக்க வரலாற்றில் ஆறு, அரசாங்கவியலில் ஆறு என்பது மாநிலச் சட்டம். கம்ப்யூட்டர் படித்தாலும் சரி, இசை படித்தாலும் சரி, அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க அவை வேண்டும். ஆகவே பிள்ளை டெக்சாஸிலேயே அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போவது உறுதி என்றால் ஹிஸ்டரி 1301, 1302, கவர்ன்மென்ட் 2305, 2306, இங்கிலீஷ் 1301, 1302 ஆகியவை கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடியவை. பள்ளியிலும் அந்தந்த இடத்தை அவை நிரப்பிவிடும்.

வெளிமாநிலக் கனவு இருந்தால் கணக்கு மாறும். கவர்ன்மென்ட் 2306 என்பது டெக்சாஸ் மாநில அரசைப் பற்றிய பாடம். இன்னொரு மாநிலத்தில் அதை உதிரிக் கிரெடிட்டாக எடுத்துக்கொண்டாலே பெரிய விஷயம். பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும், பள்ளிப் படிப்பை முடிக்கப் பயன்பட்ட பாடத்துக்குக் கிரெடிட் தருவதில்லை. பள்ளிக் கட்டடத்துக்குள் நடந்த வகுப்பு என்றால் ஏற்காத இடங்களும் உண்டு. சேர்க்கைக்கு அந்தப் பாடம் உதவலாம், கடினமான பாடம் எடுத்த பிள்ளை என்று தெரியும். கிரெடிட் வரும் என்று மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

"ரெண்டு வருஷத்துல டிகிரி முடிஞ்சிடும்" என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஞ்சினியரிங் எடுத்துக்கொள்ளுங்கள். கால்குலஸ் ஒன்று முடித்தால் இரண்டு, அதன்பின் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ். பிசிக்ஸ் முடித்தால் ஸ்டாட்டிக்ஸ், அதன்பின் துறைப் பாடங்கள். ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொட முடியாது. அறுபது கிரெடிட்டோடு உள்ளே போகும் மாணவருக்கும் இந்த வரிசை பல நேரம் நான்கு வருடத்தை நெருங்கிவிடும். வரலாறும் அரசாங்கவியலும் முன்பே முடிந்திருப்பதால் ஒவ்வொரு செமஸ்டரிலும் சுமை குறையும், வேலைப் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் நேரம் கிடைக்கும். அது நல்ல லாபம்தான். வருடம் மிச்சமாகும் என்று வீட்டுக் கடன் கணக்கோடு சேர்த்துப் போடாதீர்கள். கால்குலஸையும் கெமிஸ்ட்ரியையும் அவசரமாக டூயல் கிரெடிட்டில் முடித்துவிட்டு, அஸ்திவாரம் ஆடிய நிலையில் பல்கலைக்கழகத்தில் நேரே அடுத்த படியில் உட்காரும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. துறைக்கு அடிப்படையான பாடங்களைப் போய்ச் சேரும் இடத்திலேயே படிப்பது பெரும்பாலும் நல்லது.

ஏ.பி.யா, டூயல் கிரெடிட்டா? ஏ.பி. (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம். அதில் மே மாதத்தில் ஒரு நாள் தேர்வு, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 2015இல் வந்த சட்டப்படி டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்று வாங்கினாலே கிரெடிட் தர வேண்டும். மதிப்பெண் குறைந்தால் கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட் எதிலும் அது ஏறாது. தேர்வறையில் பதறும் பிள்ளை, ஆனால் வாராவாரம் ஒழுங்காக வேலை செய்யும் பிள்ளை என்றால் டூயல் கிரெடிட் நல்லது. நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் நடத்தும் 'ஆன்ராம்ப்ஸ்' திட்டத்தில், கல்லூரி கிரேடைப் பார்த்த பிறகு கிரெடிட் வேண்டுமா வேண்டாமா என்று மாணவரே முடிவு செய்யலாம். தயக்கமுள்ள பிள்ளைக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

வகுப்புத் தரவரிசையும் நம் வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் 2026 இலையுதிர் பருவச் சேர்க்கையிலிருந்து தானியங்கிச் சேர்க்கை, அதாவது தரவரிசையைப் பார்த்தே இடம் உறுதியாவது, வகுப்பில் முதல் ஐந்து சதவீதத்துக்கு மட்டும். தரவரிசைக் கணக்கில் டூயல் கிரெடிட்டுக்கும் ஏ.பி.க்கும் ஒரே எடை தருவதா என்பது பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. உங்கள் மாவட்டக் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் டூயல் கிரெடிட்டுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். நம்மவர்கள் எல்லோரும் ஐ.டி. சம்பளக்காரர்கள் இல்லை. ரெஸ்டாரன்டிலும் கேஸ் ஸ்டேஷனிலும் வேலை செய்து பிள்ளைகளை வளர்ப்பவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். பிள்ளைக்குப் பள்ளியில் இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுத் தகுதி கடந்த நான்கு ஆண்டுகளில் எப்போதாவது இருந்திருந்தால், 2023 சட்டத்தில் வந்த 'ஃபாஸ்ட்' திட்டத்தின் கீழ், அதில் சேர்ந்திருக்கும் கல்லூரிகளில் டூயல் கிரெடிட் இலவசம். தகுதி இருந்தும் கூச்சத்தால் மதிய உணவுப் படிவத்தை நிரப்பாமல் விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து நிரப்புங்கள். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளும் படிக்கலாம். கூட்டரசின் பெல் உதவித்தொகையோ கல்விக் கடனோ அவர்களுக்குக் கிடைக்காது என்பதால், குறைந்த செலவில் சேரும் ஒவ்வொரு கிரெடிட்டும் அவர்களுக்கு இரட்டிப்பு மதிப்பு.

கூட்டரசு உதவியை எதிர்பார்க்கும் மற்றவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த உதவி தொடர, எடுத்த கிரெடிட்டில் கணிசமான பங்கை முடித்திருக்க வேண்டும். பின்னாளில் சேரும் கல்லூரி, பழைய 'எஃப்', 'டபிள்யூ' எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் எடுக்கலாம். பள்ளியில் ஐ.இ.பி. அல்லது 504 வசதி (மாற்றுத்திறன் உள்ள மாணவருக்கான தனித் திட்டங்கள்) உள்ள பிள்ளையா? கூடுதல் தேர்வு நேரம் போன்றவை கல்லூரி வகுப்புக்குத் தானாக வந்து சேராது. மாற்றுத்திறன் சேவை அலுவலகத்தில் பிள்ளையே பதிய வேண்டும், செமஸ்டர் தொடங்கும் முன்பே.

ஏற்கனவே சேர்ந்து திணறிக்கொண்டிருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், திட்டும் முன் கல்லூரிக் காலண்டரை எடுங்கள். வழக்கமான இலையுதிர், வசந்த செமஸ்டரில் வகுப்பு நடக்கும் நாட்களில் பன்னிரண்டாவது நாள்தான் கணக்கெடுப்பு நாள், அதாவது யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று கல்லூரி கணக்கெடுக்கும் நாள். அதற்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் சுவடே இருக்காது. தாண்டிவிட்டால் 'டபிள்யூ'வுக்கு வேறொரு கடைசித் தேதி இருக்கிறது. ஒரு 'டபிள்யூ' யாருடைய எதிர்காலத்தையும் கெடுத்ததில்லை, 'எஃப்'பைவிட எவ்வளவோ மேல். ஆனால் விலகினால் பள்ளிக் கிரெடிட்டில் ஓட்டை விழும், பன்னிரண்டாம் வகுப்பு என்றால் பட்டமளிப்பே தடைபடலாம். அதனால் பள்ளி கவுன்சிலர், கல்லூரி ஆலோசகர் இருவரிடமும் பேசிய பிறகே பிள்ளை பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு முன் பேராசிரியரின் அலுவலக நேரத்தில் ஒரு தடவை நேரில் போய் உட்காரச் சொல்லுங்கள். தவறவிட்ட வேலையில் எதையாவது இன்னும் ஏற்றுக்கொள்வாரா என்பதை மாணவர்தான் கேட்க வேண்டும். கேட்கும் மாணவரைப் பெரும்பாலான பேராசிரியர்கள் மரியாதையோடுதான் நடத்துகிறார்கள்.