ஹாரன் சத்தம் காதுக்குள் என்ன செய்கிறது?

சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலருக்குக் காது மந்தமாகிவிட்டது என்றால் செவிப்பறை போயிருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் செவிப்பறைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அடி விழுவது அதற்கும் உள்ளே, நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியாவில். ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிர்செல்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஒலி வந்ததும் அவற்றின் நுனியிலுள்ள நுண்மயிர்கள் சாய்கின்றன, அந்த அசைவுதான் மின் சமிக்ஞையாகி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. மணிக்கணக்கில் இரைச்சல் அடித்தால் இந்தச் செல்கள் சக்திக்கு மீறி உழைத்து, தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் உள்ளே சேர்ந்து, செத்துப்போகின்றன. பறவைகளுக்கு அவை மறுபடி வளரும், நமக்கு வளராது.

எவ்வளவு சத்தம் ஆபத்து? பணியிடங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு 85 டெசிபல், 8 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், அதனால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும்: 88-க்கு 4 மணி நேரம், 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். பக்கத்தில் அடிக்கும் ஏர் ஹாரன் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். காவலர் ஊதும் விசிலும் அப்படித்தான், அதுவும் சொந்தக் காதுக்குப் பக்கத்திலேயே. பெரிய சத்தத்துக்கு நடுக்காதுத் தசை இறுகித் தடுக்கப் பார்க்கும், ஆனால் திடீர் ஹாரனுக்கு அது முந்திக்கொள்ள முடியாது.

டூட்டி முடிந்ததும் காது அடைத்து, 'ஙொய்' என்று இரைந்து, காலையில் சரியாகிவிடும். இந்தச் 'சரியாகிவிடும்'தான் ஏமாற்றுகிறது. கேட்கும் திறன் திரும்பினாலும் மயிர்செல்லும் நரம்பும் இணையும் இடங்கள் அறுந்துபோயிருக்கலாம் என்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் பாதிக்கப்படுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள். குரல் கேட்கும், 'ச', 'ஷ' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவும்; காசு என்றார்களா காது என்றார்களா என்று குழம்பும். வீட்டில் எல்லாரும் முணுமுணுப்பதாகத் தோன்றும்.

காதடைப்பான் மாட்டினால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காதே என்ற தயக்கம் நியாயமானது. எல்லா அலைவரிசைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் வகைகள் இருக்கின்றன, பேச்சு அவ்வளவாகச் சிதையாது. அப்புறம், நெரிசலான சந்திப்பில் ஒரே ஆளைத் தொடர்ந்து நிறுத்தாமல் மாற்றிவிடுவதும், வருடாவருடம் செவித்திறன் பரிசோதனை செய்வதும் துறையின் பொறுப்பு. அந்தப் பரிசோதனையை டூட்டி முடிந்த கையோடு எடுக்கக் கூடாது. சுமார் 14 மணி நேரம் இரைச்சலில்லாமல் இருந்துவிட்டு எடுத்தால்தான் தற்காலிக மந்தம் விலகி நிரந்தர இழப்பு வரைபடத்தில் தெரியும்.