கல்க்வாசர்: சுண்ணாம்புத் தெளிநீர்

கல்க்வாசர் என்பது ஜேர்மன் சொல். உயிருள்ள முருகைக்கல் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக விடும் கல்சியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை இது குறிக்கும். 1970களில் கடல்நீர்த் தொட்டி வளர்ப்பில் பேர்பெற்ற பீட்டர் வில்கன்ஸ் இந்த முறையைத் தொட்டி வளர்ப்போரிடையே பரப்பினார். அவர் எழுதிய மொழியின் சொல்லே உலகம் சுற்றியது. ஆங்கிலத்திலும் அது பெருவழக்காயிற்று. திருகோணமலையில் தொட்டி வைத்திருப்பவரும் 'கல்க் விடுறன்' என்றால் வியப்பில்லை. ஆனால் தமிழுக்கு இந்த இரவல் தேவையே இல்லை. பொருள் வெற்றிலைத் தட்டத்தில் இருக்கிறது, பெயர் கைமருந்து வழக்கில் இருக்கிறது: சுண்ணாம்புத் தெளிநீர்.

'வாசர்' தண்ணீர், 'கல்க்' சுண்ணாம்பு. கல்க்கின் மூலம் இலத்தீன் 'கல்க்ஸ்'. அதற்கும் முன்னால் சிறு கல்லைக் குறித்த ஒரு கிரேக்கச் சொல். 1808இல் ஹம்பிரி டேவி சுண்ணாம்பிலிருந்து ஓர் உலோகத்தைப் பிரித்து, அதற்குக் கல்சியம் என்று பெயர் வைத்ததும் இந்த வேரிலிருந்துதான். கல் வைத்து எண்ணிய பழக்கத்தால் 'கல்குலேற்றர்' வரை இந்தக் குடும்பம் நீள்கிறது. ஒலியிலும் 'கல்', பொருளிலும் கல் என்றதும், தமிழிலிருந்து போன சொல் என்று முடிச்சுப் போடச் சிலருக்குக் கை துறுதுறுக்கும். ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது.

நம்முடைய சுண்ணாம்பும் வந்த சொல்தான். சமக்கிருதத்தில் சூர்ண, பிராகிருதத்தில் சுண்ண, தமிழில் சுண்ணம், பொருள் பொடி. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணத்தில் உரலில் இடிபடுவது சுண்ணாம்பன்று, இறைவனின் நீராட்டுக்கான நறுமணப் பொடி. சிங்களத்தின் 'ஹுணு' காதுக்கு வேறு சொல்லாகப் பட்டாலும் அதுவும் இதே சுண்ணதான். சகரம் தேய்ந்து ஹகரமாயிற்று. திருகோணமலைக் கடைத்தெருவில் இரு மொழியிலும் சுண்ணாம்பு கேட்பவர்கள் வேரளவில் ஒரே சொல்லைக் கேட்கிறார்கள்.

இனி அது செய்யும் வேலை. முருகை உயிரி கல்சியம் காபனேற்றால் தன் கூட்டைக் கட்டுகிறது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கல்சியம் உண்டு. கடல் பெரிது, அங்கே குறை தெரியாது. தொட்டியில் அது நாளுக்கு நாள் இறங்கும். காரத்தன்மையும், அதாவது பெரும்பாலும் நீரிலுள்ள இருகாபனேற்றின் அளவும், கூடவே இறங்கும். கிழமைக்கு ஒருமுறை கொஞ்ச நீரை இறைத்துப் புதுக் கடல்நீர் விடுவது வழக்கமான பரிகாரம். அதை விட்டுவிட நினைப்பவர் முருகை எடுத்துக்கொண்டதை வேறு வழியில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

கல்சியம் குளோரைட்டையும் சோடியம் இருகாபனேற்றையும் தனித்தனியே விடுவது ஒரு வழி. முருகை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய சோடியமும் குளோரைட்டும் எங்கே போகும்? கறியுப்பாகத் தொட்டியிலேயே தங்கி, உப்புச் செறிவைக் கூட்டி, மற்ற அயன்களின் விகிதத்தைக் குலைக்கும். கடைசியில் நீரை மாற்றித்தான் சரிக்கட்ட வேண்டிவரும். தெளிநீரில் இந்தத் தொல்லை இல்லை. அதிலிருப்பவை கல்சியமும் ஐதரொட்சைட்டும் மட்டுமே. ஐதரொட்சைட்டு நீரிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து இருகாபனேற்றாகும். கூடு கட்ட எந்த விகிதத்தில் வேண்டுமோ அந்த விகிதத்திலேயே இரண்டும் சேரும்; மிச்சம் என்று ஒன்றும் தங்காது. நீர் மாற்றாத தொட்டிக்கு இது பொருந்துவது இதனால்தான்.

எல்லை ஒன்று உண்டு. ஒரு லீற்றர் நன்னீரில் ஒன்றரை கிராம் அளவில்தான் கல்சியம் ஐதரொட்சைட்டு கரையும். சீனியைப் போல், சூடாக்கினால் கூடுதலாகக் கரையும் என்று எண்ண வேண்டாம். சூடு ஏற ஏறக் கரைவது குறையும். ஆவியான அளவுக்கு மேல் விட்டுத் தொட்டியின் உப்பை நீர்க்கவைக்கவும் கூடாது. வெயிலில் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும் என்பதை உப்பளம் உள்ள ஊரில் விளக்கத் தேவையில்லை. கரைசலின் பிஎச் 12க்கு மேல், அதாவது கடுங்காரம், என்பதால் ஒரேயடியாக ஊற்றினால் மீன் சாகும், கல்சியம் வெண்பொடியாகப் படிந்து வீணாகும். ஒளிச்சேர்க்கை நின்று தொட்டியின் பிஎச் இறங்கும் இரவில் சொட்டவிடுவது நல்லது.

கடலை வாசலில் வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். மாரி காலத்தில் கேட்க மாட்டீர்கள். மகாவலி ஆறு பெருகித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் வந்து விழும் நாட்களில், கரையோர நீர் கலங்கி உப்புக் குறைந்து கிடக்கும், தொட்டிக்கு உதவாது. பையில் வரும் செயற்கைக் கடலுப்பு இறக்குமதிச் சரக்கு, விலை கையைக் கடிக்கும்.

சரியான தமிழுக்கு வருவோம். விஞ்ஞானப் பாடநூல் 'சுண்ணாம்பு நீர்' என்கிறது. ஊதினால் பால் நிறமாகும் அந்தப் பரிசோதனையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பிழையில்லை, ஆனால் தொட்டிக்கு அது போதாது. சுண்ணாம்பைக் கலக்கியதும் கிடைப்பது வெள்ளையான கலங்கல். அது சுண்ணாம்புப் பால். அதை மூடி வைத்து, அடியில் படிந்ததையும் மேலே காற்றுப் பட்டுக் கட்டிய ஆடையையும் விட்டு, நடுவிலிருந்து எடுப்பது தெளிநீர். தீப்புண்ணுக்குத் தேங்காயெண்ணெயோடு அடித்துப் பூசிய கைமருந்தில் இருந்தது இதுவே. தொட்டிக்குப் போக வேண்டியதும் இதுவே. ஜேர்மன் சொல் பொருளைச் சொல்கிறது. சுண்ணாம்புத் தெளிநீர் என்றால் செய்முறையும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் என் வாக்கு இதற்குத்தான். 'சுண்ணக் கரைசல்' போன்ற புத்தாக்கங்கள் வேண்டாம்.

இலங்கைக் கரைகளில் ஒரு காலம் முருகைக்கல்லையே தோண்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். 1988ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் அதைத் தடைசெய்தது. நிலாவெளிக்கு அப்பால் உள்ள புறாமலைத் தீவு, சுற்றியுள்ள முருகைப் பாறையோடு, 2003 முதல் தேசியப் பூங்கா. உடைந்து கிடக்கும் துண்டைக்கூட எடுத்துவந்து தொட்டியில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

தெளிநீர் கழிவை அகற்றாது. நைத்திரேற்றைக் கடற்பாசி வளர்த்தோ நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி வைத்தோதான் இறக்க வேண்டும். மகனீசியத்தை அளந்து தனியே சேர்க்க வேண்டும். வாசனையும் நிறமும் கலந்த வெற்றிலைச் சுண்ணாம்பு தொட்டிக்கு ஆகாது. உணவுத்தரக் கல்சியம் ஐதரொட்சைட்டுத் தூள் வாங்குங்கள். டப்பாவை இறுக மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் குடித்து வெறும் சுண்ணக்கல் தூளாகிவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது.