முறைசாராப் பொருளாதாரம்: சொல்லும் அதன் நிதிப் பக்கமும்

ஆங்கிலத்தில் பேச்சிலும் உடையிலும் சடங்கு பாராத இயல்பைக் குறித்துவந்த 'இன்ஃபார்மல்' என்னும் சொல்லை, அரசின் பதிவுக்கும் வரிக்கும் வெளியே நடக்கும் தொழில்களைச் சுட்டும் பெயராக, வளரும் நாடுகளின் பொருளியலுக்குக் கொண்டுவந்தவர் கீத் ஹார்ட் என்னும் பிரித்தானிய மானிடவியலர். கானாவின் தலைநகரான அக்ராவில், நிமா பகுதியில், 1960களில் களப்பணி செய்த அவர், வேலையற்றோர் என்று கணக்கில் வந்தவர்கள் உண்மையில் சில்லறை வணிகம், கைத்தொழில், வட்டிக்கு விடுதல் எனப் பல வழிகளில் ஈட்டிக்கொண்டிருந்ததை 1971இல் ஒரு மாநாட்டில் எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கென்யா அறிக்கை அச்சொல்லைப் பரப்பியது. கென்யர்கள் இத்தொழில்களைச் சுவாகிலியில் 'ஜுவா காலி' என்கிறார்கள். கடும் வெயில் என்று பொருள்.

தமிழில் 'அமைப்புசாரா', 'முறைசாரா' என இரண்டு சொற்கள் வழங்குகின்றன. முன்னது 'அன்ஆர்கனைஸ்டு' என்னும் இந்தியச் சட்ட வழக்கிற்கு நேரானது. 2008ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரிலும் அதுவே இருந்தது. ஆயினும் இத்தொழில்களில் அமைப்பு இல்லை என்பது பொருந்தாது. கானாவின் 'சூசு' சேமிப்பில், முகவர் நாள்தோறும் கடைகடையாகச் சென்று பணம் பெற்று, மாத முடிவில் ஒரு நாள் தொகையைத் தம் கூலியாகக் கழித்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பித் தருகிறார். அங்கே ஒழுங்குக்குக் குறைவில்லை. 'முறை' என்பது ஒழுங்கை மட்டுமன்றிப் பழைய வழக்கில் அரசு செலுத்தும் நீதியையும் குறிக்கும் என்பதால், அரசின் பதிவுக்கும் வரிக்கும் வெளியே நடப்பதைச் சுட்ட 'முறைசாரா' என்பதே தகும். கறுப்புப் பணத்தோடு இதைக் குழப்ப வேண்டியதில்லை. அது மறைக்கப்பட்டது, இது பெரும்பாலும் நடுத்தெருவில் நடப்பது.

நிதி வளர்ச்சிக்கும் (வங்கி, கடன் முதலிய சேவைகள் பெருகுவதற்கும்) இதற்கும் உள்ள உறவு கடனில் தொடங்குகிறது. வங்கி பதிவுச் சான்றும் வரவுசெலவுக் கணக்கும் ஈடும் கேட்கிறது. கணக்குக் காட்டினால் வரி கட்ட வேண்டும். ஆகையால், கடன் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும்போதுதான் பதிவு செய்வது ஆதாயமாகிறது; கடன் அரிதாக உள்ள நாட்டில் சிறு தொழில் பதிவின்றி இருப்பதே கணக்குப்படி சரியான முடிவு. இந்த விளக்கம் வங்கிக்கு மட்டுமே பொருந்தும் என்பது என் கருத்து. 2007இல் கென்யாவில் எம்-பெசா கைப்பேசிப் பணம் தொடங்கியது; 2012இல் அதன்மேல் எழுந்த எம்-ஷ்வாரி சிறுகடன், தொழிற்பதிவு கேளாமல் கைப்பேசிப் பயன்பாட்டை வைத்தே ஒருவரின் கடன் தகுதியை எடைபோட்டது. அங்கே நிதிச் சேவை வளர்ந்தது. ஆனால் கடன் பெறுவதற்காகத் தொழிலைப் பதிவு செய்ய வேண்டிய தேவை எழவில்லை.