கார்டு எங்கே முடிகிறது, ஆர்பெஜியோ எங்கே தொடங்குகிறது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கல்லூரி மாணவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவர். எல்.எம்.எம்.எஸ். என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் போட்டு, மூன்று கட்டைகளை அழுத்திப் பிடித்தால் அவை தாமாகவே ஒவ்வொன்றாக ஓடும்படி செய்திருக்கிறார். "வீட்டில் ஹெட்போனில் கேட்டால் முத்து முத்தாக வருகிறது சார். கோயிலில் போட்டால் எல்லாம் கலந்து வெறும் கார்டு மாதிரி ஆகிவிடுகிறது. கோளாறு மென்பொருளிலா, ஸ்பீக்கரிலா?"

இரண்டிலும் இல்லை தம்பி. கோயிலில்தான் இருக்கிறது, அதைக் கோளாறு என்றும் சொல்ல முடியாது.

பல சுரங்கள் ஒன்றாக ஒலித்தால் கார்டு. அதே சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் ஆர்பெஜியோ. சங்கராபரணத்தின் ச, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கிடைப்பது மேஜர் கார்டு. காந்தாரத்தை ஒரு படி இறக்கினால் மைனர். இது இசை வகுப்பின் முதல் வாரப் பாடம், அங்கே நிற்க வேண்டாம்.

கீபோர்டு கணினிக்கு ஒலியை அனுப்புவதில்லை, எண்களைத்தான் அனுப்புகிறது. 1983-ல் வந்த மிடி என்ற ஏற்பாட்டின்படி எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்பதற்கு 0 முதல் 127 வரை எண்கள். நடு ச-வை ஒரு கட்டை சுருதியில் (மேற்கத்திய இசையின் C) வைத்தால் அது 60, காந்தாரம் 64, பஞ்சமம் 67. எண்ணை அதிர்வெண்ணாக மாற்றுவது மென்பொருளின் வேலை. 69-ஆம் எண்ணுக்கு 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கணக்கிடுகிறது. நம்முடைய 60-க்கு 261.63 ஹெர்ட்ஸ் வரும்.

440 என்றதும் சிலர் பதறுவார்கள். அதை 432 ஆக்கினால் நோய் தீரும், மனம் சுத்தமாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி புதுச்சேரியையும் விட்டுவைக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரைச்சுரத்தில், அதாவது கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரத்தில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அவ்வளவுதான். நம் வித்வான்கள் ஒருவர் ஒரு கட்டையிலும் இன்னொருவர் ஐந்தரைக் கட்டையிலும் அவரவர் குரலுக்கு ஏற்றபடி சுருதி வைத்துக்கொண்டு காலங்காலமாகப் பாடிவருகிறார்கள். இதில் எந்த ஹெர்ட்ஸ் யார் காய்ச்சலைத் தீர்த்தது? காசு வாங்கிக்கொண்டு 432-ஐ மருந்தாக விற்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

சரி, கட்டைகளைத் தாமாக ஓடவைக்கும் ஆர்பெஜியேட்டர் என்ற பகுதிக்கு வருவோம். நீங்கள் பிடித்திருக்கும் கட்டைகளின் எண்களை அது ஒரு பட்டியலாக வைத்துக்கொள்கிறது. வகுப்புக்குள் பிள்ளைகள் எந்த வரிசையில் நுழைந்தாலும் ஆசிரியர் பதிவேட்டு எண்படிதானே பெயர் கூப்பிடுவார், அதைப்போல 67-ஐ முதலில் அழுத்தினாலும் 60, 64, 67 என்றே ஒலிக்கும். மேலிருந்து கீழ், ஏறி இறங்குவது, கண்டபடி குதிப்பது என்று வேறு முறைகளும் உண்டு. பட்டியல் முடிந்ததும் மறுபடி முதல் எண். எப்போது அடுத்த எண்ணுக்குப் போவது என்பதை டெம்போ சொல்கிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 500 மில்லிநொடி, தட்டுக்கு நான்கு சுரம் என்றால் சுரத்துக்கு 125 மில்லிநொடி. இயந்திரம் இவ்வளவுதான்.

எனக்கு உண்மையில் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. எல்.எம்.எம்.எஸ்.-இல் ஒவ்வொரு சுரமும் எத்தனை மில்லிநொடி ஒலிக்க வேண்டும் என்பதற்கு ஒரு திருகு இருக்கிறது. அதிலேயே உள்ள டிரிப்பிள் ஆசிலேட்டர் என்ற ஒலி உருவாக்கியில் சதுர அலையைத் தேர்ந்தெடுத்து, ஆர்பெஜியோவை ஓடவிட்டு, அந்தத் திருகை மெல்லக் குறைத்துப் பாருங்கள். 125-ல் ச, க, ப என்று எண்ணிவிடலாம். 60-க்கு வரும்போது எண்ண முடியாது, ஆனால் ஏதோ ஓடுவது தெரியும். 30 பக்கம் வந்ததும் ஓட்டமே நின்றுபோனது போலிருக்கும். லேசாக நடுங்கும் ஒரு கார்டு மட்டும் காதில் நிற்கும். கணினி அப்போதும் ஒரு நேரத்தில் ஒரே சுரத்தைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறது. மூன்றையும் சேர்ப்பது உங்கள் காதும் மூளையும்.

1980-களில் வீட்டுக் கணினி விளையாட்டுகளுக்கு இசை அமைத்தவர்கள் இதை வைத்தே பிழைத்தார்கள். 1982-ல் வந்த கமோடோர் 64-இன் ஒலிச் சில்லில் மொத்தமே மூன்று குரல். மெட்டுக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று, மிச்சம் ஒன்று. ஒரே குரலில் கார்டு வாசிப்பது எப்படி? திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்தக் குரலின் சுரத்தை மாற்றினார்கள். சுரத்துக்கு 20 மில்லிநொடி. பின்னால் அமிகா கணினிக்கு வந்த டிராக்கர் என்ற இசையமைப்பு மென்பொருள்களில் இதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. 047 என்று எழுதினால் மேஜர், 037 என்றால் மைனர். 4-உம் 7-உம் ச-விலிருந்து எத்தனை அரைச்சுரம் ஏற வேண்டும் என்ற கணக்கு.

இந்த 20 மில்லிநொடியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். 261.63 ஹெர்ட்ஸில் அதிரும் ச-வுக்கு அந்த அவகாசத்தில் ஐந்தேகால் அதிர்வுக்குத்தான் இடம். அதற்குள் காது 'இது ச' என்று அடையாளம் காண வேண்டும். ஓர் ஒலி எவ்வளவு குறுகிய நேரம் நீடிக்கிறதோ, அதன் அதிர்வெண் அவ்வளவு மங்கலாகிவிடும். 20 மில்லிநொடித் துண்டில் அந்த மங்கல் சுமார் 50 ஹெர்ட்ஸ் அகலம். ச-வுக்கும் காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளியோ 68 ஹெர்ட்ஸ். மயிரிழையில் தப்பிக்கிறது! ஒரு ஸ்தாயி கீழே போனால் இடைவெளி 34 ஆகிவிடும், மங்கல் மட்டும் 50-லேயே நிற்கும். அதனால்தான் வேகமான ஆர்பெஜியோவைக் கீழ் ஸ்தாயியில் வைத்தால் சேறாகக் கேட்கிறது.

அப்புறம், கார்டு மட்டும் அசல் கார்டா? பழைய ஐந்து முள் மிடி கேபிளில் நொடிக்கு 31,250 பிட் போகும். ஒரு கட்டையின் செய்தி போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மில்லிநொடி பிடிக்கும், அவை வரிசையாகத்தான் போக முடியும். நீங்கள் மூன்று விரலையும் ஒரே கணத்தில் வைத்தாலும் சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வந்து சேரும். எந்தச் சுரம் முந்தியது என்று சொல்ல நம் காதுக்குச் சுமார் 20 மில்லிநொடி வித்தியாசம் தேவை என்பதால் அது பிடிபடுவதில்லை.

தம்புராவிலும் மீட்டுவது ஒவ்வொரு தந்தியாகத்தான். பஞ்சமம், இரண்டு மேல் ஷட்ஜம், மந்தர ஷட்ஜம். நாம் கேட்பதோ ஒரே சுருதி வெள்ளம். இங்கே காதுக்கு அதிக வேலை இல்லை. அடுத்த தந்தியை மீட்டும்போது முந்தைய தந்தி அடங்கியிருப்பதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கோயிலும் தந்தி செய்வதைத்தான் செய்கிறது. ரயில் நிலையம் பக்கம் இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவைப் போல வளைவுக் கூரை உயர்ந்து நிற்கும் கட்டடங்களில் எதிர்முழக்கம் 3 நொடி நீடிப்பது அதிசயமில்லை. 3 நொடி என்றால் ஒலி 60 டெசிபெல் இறங்க ஆகும் நேரம். ஆக 125 மில்லிநொடியில் இறங்குவது வெறும் 2.5 டெசிபெல். காந்தாரம் வரும்போது ச கிட்டத்தட்ட அதே பலத்தோடு கூரையில் சுற்றிக்கொண்டிருக்கும். பஞ்சமம் வரும்போது இரண்டும் இருக்கும். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள உங்கள் அறையில் எதிர்முழக்கம் அரை நொடிக்கும் குறைவாகத்தான் இருக்கும், அதே அவகாசத்தில் 15 டெசிபெல்லுக்கு மேல் இறங்கிவிடும். ஹெட்போனில் அறையே கிடையாது.

எனவே அடுத்த ஞாயிறு முதலில் மென்பொருளின் ரிவெர்பை, அதாவது செயற்கை எதிர்முழக்கத்தை, அணையுங்கள், கோயில் அதை இலவசமாகத் தருகிறது. தட்டுக்கு நான்கு சுரத்தை இரண்டாக்குங்கள். சுரம் தனக்கான நேரத்தில் எவ்வளவு பங்கு ஒலிக்க வேண்டும் என்று சொல்லும் கேட் என்ற திருகை 40 சதவீதத்துக்கு இறக்கினால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் கொஞ்சம் தனித்துத் தெரியும். ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிப் பாருங்கள், உயர்ந்த சுரங்கள் சீக்கிரம் அடங்கும். பூசைக்கு ஆட்கள் நிறைய வந்திருந்தால் இன்னும் நல்லது, அவர்கள் உடையும் உடலும் ஒலியைக் குடித்துக்கொள்ளும். வெறும் கோயிலில் சனிக்கிழமை ஒத்திகை பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள்.