ரோட்டைக் கடக்க நாற்பது படி ஏறச் சொல்லாதீர்கள்

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள், தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும். ரோட்டைக் கடக்கும்போது அடிபட்டு எலும்பு டாக்டர்களான எங்களிடம் வருகிறவர்களுக்கு அடிக்கடி உடைவது அந்த எலும்புதான், ஏனென்றால் கார் பம்பர் வந்து மோதுகிற உயரம் கிட்டத்தட்ட அதுதான். முன்பக்கம் மூடிக்கொள்ளத் தசை கிடையாது, அதனால் உடைந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும், ரோட்டு மண் உள்ளே போய்விடும். முதலில் கழுவிச் சுத்தம் செய்து வெளியிலிருந்து கம்பிச் சட்டம் போடுவோம், அப்புறம் வேறு இடத்திலிருந்து சதை எடுத்து வைத்து மூடுவோம், அப்புறம்தான் உள்ளே ராடு. எல்லாம் நல்லபடியாக நடந்தாலே பழையபடி நடக்கப் பல மாதம் ஆகும். மில்லுக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு அந்த மாதங்களில் சம்பளம் வராது. இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது, பெரிய உதவிதான், ஆனால் அதற்குப் பிறகு வருகிற மாதங்கள் குடும்பத்தின் தலையில்தான்.

விபத்தில் அடிபட்டு யார் வந்தாலும் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எங்கே, எப்படி நடந்தது என்று எழுதுவோம். 'பஸ் ஸ்டாப் எதிரில் ரோட்டைக் கடக்கும்போது', 'மார்க்கெட் எதிரில்', 'ஸ்கூல் கேட் எதிரில்'. பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் இதே மாதிரி இடங்கள்தான். கூட வந்தவர்கள் 'பாத்துப் போயிருக்கலாம்ல' என்று அடிபட்டவரையே திட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் எதிர்ப்பக்கம் போக அங்கேதான் கடப்பார், அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சிக்னல் வரை நடந்துபோய்த் திரும்பி வரமாட்டார். மனிதர்கள் கடக்கிற இடம் தெரிந்த பிறகும் அங்கே கிராசிங் இல்லையென்றால் தப்பு ரோட்டின் மேல்தான்.

ஒரு சின்னக் கணக்கு. சிக்னல் நேரம் வைக்கும்போது நடப்பவர் ஒரு நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துக்கொள்வார்கள். என் ஓ.பி.க்கு வருகிற, முழங்கால் தேய்ந்த அம்மாக்கள் 0.7 மீட்டர் போனாலே அதிகம். நாலு வழிச் சாலை 14 மீட்டர் அகலம், நடுவில் நிற்க இடம் இல்லையென்றால் அவர்களுக்கு 20 நொடி வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அந்த 20 நொடியில் 330 மீட்டருக்கு மேல் வந்துவிடும். அதாவது இரண்டு பக்கமும் முந்நூறு மீட்டருக்கு மேல் வண்டியே இல்லாத ஒரு நேரம் கிடைத்தால்தான் அந்த அம்மா நிம்மதியாகக் கடக்க முடியும். ஊருக்குள் அப்படி ஒரு நேரம் எப்போது கிடைக்கும்? அதே ரோட்டில் நடுவே ஒதுங்கி நிற்க அகலமான மீடியனும் அதில் ஒரு திறப்பும் இருந்தால் ஒரு தடவைக்கு 7 மீட்டர் கடந்தால் போதும், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். வண்டி வேகம் 40-க்கு இறங்கினால் தேவைப்படும் இடைவெளி 110 மீட்டர்தான். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்தால் அதே கால்களுக்கு அதே ரோடு கடக்கக்கூடிய ரோடாகிவிடும்.

இதைச் சொன்னால் 'நடைமேம்பாலம் கட்டித் தருகிறோம்' என்பார்கள். லாரி போக 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும், அதற்கு மேல் பாலத்தின் கனம், 15 சென்டிமீட்டர் படி என்றால் நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்க வேண்டும். படி ஏறாதீர்கள் என்று நானே சீட்டில் எழுதிக் கொடுத்த ஆட்களிடம் இதை எப்படிச் சொல்வது? போன மாதம் ஒரு அம்மா சொன்னார்: "லிப்ட் இருக்குதுங்க டாக்டர், ஆனா எப்பவும் பூட்டியே கிடக்குது, அதான் குறுக்கால வந்துட்டேன்." அவர் கையில் அப்போது மாவுக்கட்டு. ரயில் பாதை, எக்ஸ்பிரஸ் சாலை மாதிரி இடங்களில் மேம்பாலம் தேவைதான், மறுக்கவில்லை. ஊருக்குள் போகிற ரோட்டில் ஆட்கள் தரையிலேயே கடக்க வேண்டும், வண்டிதான் நிற்க வேண்டும்.

கோவை அவிநாசி சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள், ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே போகிறவர்களுக்கு நல்ல வசதி. கீழே லட்சுமி மில்ஸ், நவ இந்தியா, பீளமேடு, ஹோப் காலேஜ் என்று காலேஜும் ஆஸ்பத்திரியும் பஸ் ஸ்டாப்பும் முன்பு மாதிரியேதான் இருக்கின்றன, அங்கே நடக்கிற ஆட்களும் அப்படியேதான். இப்போது நடுவே வரிசையாகத் தூண்கள் வேறு. தூண் மறைவிலிருந்து ஒருவர் கால் எடுத்து வைப்பது வண்டி ஓட்டுகிறவருக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். நகரத்தில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்தார்கள். வண்டிகள் நிற்காமல் போகின்றன, சரி. ஆனால் சிவப்பு விளக்கு விழுந்தபோது கிடைத்த அந்த அரை நிமிடத்தில்தானே நடப்பவர்கள் கடந்துகொண்டிருந்தார்கள்? அதற்குப் பதில் என்ன கொடுத்தோம் என்பதுதான் குடியிருப்பவர்கள் கேட்கிற கேள்வி, அது நியாயமான கேள்வி.

2022-ல் மட்டும் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர். சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் 2012-ல் பொதுநல வழக்குப் போட்டவரே கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர், டாக்டர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்கில்தான் 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு வந்தது, 2025 அக்டோபரில் பாதசாரிகள் பாதுகாப்புக்கான உத்தரவுகளும் வந்தன. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ரோட்டை விதிப்படி வடிவமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் யாராவது இறந்தாலோ ஊனமானாலோ பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்கள் பகுதியில் கிராசிங் கேட்டு மனு கொடுக்கும்போது இதைக் குறிப்பிடுங்கள்.

மனு என்றதும் 'எங்கள் பகுதியில் சாலைப் பாதுகாப்பு வேண்டும்' என்று பொதுவாக எழுதிக் கொடுக்காதீர்கள், அது கோப்பிலேயே தூங்கும். முதலில் ரோடு யாருடையது என்று கண்டுபிடியுங்கள்: தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, மாநகராட்சியா. தப்பான அலுவலகத்துக்குப் போன மனு திரும்பி வரவே மாதங்கள் ஆகும். அப்புறம் காலை 8 முதல் 9 வரை, பள்ளி விடும் நேரம், இருட்டிய பிறகு என்று மூன்று வேளை அங்கே நின்று எத்தனை பேர் கடக்கிறார்கள், அதில் குழந்தைகள், வயதானவர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். சரியாக எந்தக் கடைக்கும் எந்தக் கம்பத்துக்கும் நடுவில் கடக்கிறார்கள் என்று போட்டோ எடுங்கள். அந்த இடத்தில் மூன்று வருடத்தில் எத்தனை விபத்து என்று காவல் நிலையத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் வைக்கச் சொல்லுங்கள், அதற்குத் தலைவரே கலெக்டர்தான். கிராமம் என்றால் கிராமசபைத் தீர்மானமும் வேண்டும்.

என்ன வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். வெறும் வெள்ளைக்கோடு கேட்டு வாங்கினால் வெள்ளைக்கோடு மட்டும்தான் வரும், நம் ஊரில் அதைப் பார்த்து யாரும் நிறுத்துவதில்லை. தெரு மாதிரியான ரோடு என்றால் நடைபாதை உயரத்துக்கு மேடாக எழுப்பிய கிராசிங் கேளுங்கள், வண்டி தானாக வேகம் குறையும். அகலமான ரோட்டில் நடுவே நிற்க இடமும், பட்டன் அமுக்கினால் வண்டிகளை நிறுத்துகிற சிக்னலும். வீல்சேர் ஏற இரண்டு பக்கமும் சரிவு. கிராசிங்குக்கு நேர் மேலே விளக்கு, இதைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள், இருட்டியபின் அடிபட்டு வருகிறவர்கள் 'வண்டிக்காரருக்கு நான் தெரியவே இல்லை' என்றுதான் சொல்கிறார்கள். கிராசிங்கை ஒட்டி வண்டி நிறுத்தத் தடையும் வேண்டும், நிற்கிற வேனுக்குப் பின்னாலிருந்து ஓடி வரும் குழந்தை யார் கண்ணுக்கும் தெரியாது.

பொதுவாக ஒருவர் இறந்து, மறியல் நடந்த பிறகுதான் இரண்டு பேரிகேட் வரும், ஒரு மாதத்தில் அதுவும் ஓரத்துக்குப் போய்விடும். அதனால் விபத்து நடக்காத போதே கேளுங்கள். மனு கொடுத்த ரசீதை வைத்துக்கொண்டு முதல்வரின் முகவரி எண் 1100-லும் பதிவு செய்யுங்கள், பதில் வராவிட்டால் அடுத்த திங்கள்கிழமை அதே ரசீதோடு திரும்பவும் போய் நில்லுங்கள், கூடவே ஏரியாவில் குச்சி ஊன்றி நடக்கிற ஒருவரையும் அழைத்துப் போங்கள்.