அலுப்பு வேறு, சலிப்பு வேறு

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செவிலியர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு வந்தார். நாற்பதை ஒட்டிய வயது, 14 வருட சர்வீஸ். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நெஞ்செரிச்சல், தலைவலி, தூக்கம் வருவதில்லை என்று வரிசையாகச் சொன்னார். கேஸ் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்துவிட்டாராம். பேசி முடித்து எழுந்தவர், கதவருகே நின்று திரும்பினார்.

"மேடம், போன மாசம் எங்க வார்டுல ஒரு குழந்தை இறந்துடுச்சு. எல்லாத்தையும் முடிச்சு அனுப்பிட்டு, போய் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். ஒண்ணுமே தோணலை. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க. எனக்கே என்னைப் பார்த்தா பயமா இருக்கு."

"உட்காருங்க சிஸ்டர்" என்றேன். அவர் வந்த விஷயமே அதுதான்.

அலுப்பு என்ற சொல்லும் சலிப்பு என்ற சொல்லும் நம்மிடம் தனித்தனியாக இருக்கின்றன. அலுப்பு உடம்புக்கு வருவது. நாள் முழுக்க நாற்று நட்டவருக்கும், சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருபவருக்கும் அது இருக்கும். ஆழ்ந்து தூங்கினால் போய்விடும். சலிப்பு தூக்கத்தில் கரையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசையும். ஒரு வாரம் லீவு போட்டுத் திருப்பதி போய் வந்தாலும், திரும்பி வந்த சில நாளில் பழைய இடத்திலேயே வந்து நிற்கும்.

இதைத்தான் 'பர்ன் அவுட்' என்கிறோம். நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவமனையில் வேலை பார்த்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-ல் இதைப் பற்றி எழுதினார். பகலில் தன் சொந்த கிளினிக், இரவில் அங்கே சேவை என்று ஓடி, அவரும் அதில் விழுந்தவர்தான். பிறகு அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதை அளந்து பார்க்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். அது 1981-ல் வெளியானது. அவர் சொன்ன மூன்று கூறுகளையும் என்னிடம் வருகிறவர்கள் அவர்கள் வாயாலேயே சொல்லிவிடுகிறார்கள். 'முடியலை மேடம்' என்பது முதலாவது. 'எவன் எக்கேடு கெட்டா எனக்கென்ன' என்பது இரண்டாவது. 'என்னத்தைச் செஞ்சு என்ன ஆவப் போவுது' என்பது மூன்றாவது.

முதலாவதற்கு எல்லாரும் டாக்டரிடம் போகிறார்கள். மூன்றாவதற்குச் சிலர் வேலையை விடுகிறார்கள். அந்த நடு வாக்கியத்துக்குத்தான் யாரும் வருவதில்லை, ஏனென்றால் அதை ஒரு அறிகுறியாகவே யாரும் பார்ப்பதில்லை. குணம் கெட்டுப்போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். திருப்பாப்புலியூரிலிருந்து வந்த ஒரு ஆசிரியை, ஒரு பையனுடைய நோட்டைத் திருத்தும்போது பேனாவை அழுத்தித் தாளைக் கிழித்துவிட்டதாகச் சொன்னார். பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தவர். மே மாத விடுமுறையிலும் அட்மிஷனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கச் சொல்லியிருக்கிறது அவருடைய பள்ளி. ஜூனில் வகுப்புக்குள் நுழையும்போதே அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. அப்போது இந்த மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் இருந்தேன். கரண்ட் இல்லை, ஆள் இல்லை, வருகிற கூட்டத்துக்கு முடிவு இல்லை. மூன்றாவது வாரம், மருந்துச் சீட்டைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு பாட்டியை எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். கூரை பறந்துபோன வீட்டிலிருந்து வந்தவர் அவர். அன்று ராத்திரி முழுக்க என்னைக் கல்நெஞ்சக்காரி என்று திட்டிக்கொண்டேன். பக்கத்தில் ஒருவர் 'நீ இரண்டு நாள் தள்ளி இரு' என்று சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது என்று பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அன்பாக இருந்த ஒருவர் சிடுசிடுக்க ஆரம்பித்தால், தயவுசெய்து அதை அபாயச் சங்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

சலிப்பு என்று முடிவு கட்டுவதற்கு முன் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. மனச்சோர்வு நோயையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வேலையை விட்டுத் தள்ளி இருக்கும்போது பேரப்பிள்ளையின் சிரிப்பு இனிக்கிறதா, மீன் குழம்பு ருசிக்கிறதா என்று கேட்பேன். எங்கே போனாலும் எதுவுமே ருசிக்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அதற்குச் சிகிச்சை வேண்டும், தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன் அவுட்டைத் தன் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பில் சேர்த்தபோது, அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. பணியிடத்தில் நீண்ட நாள் சரிசெய்யப்படாமல் விட்ட அழுத்தத்தின் விளைவு என்றே குறிப்பிட்டது. எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அழுத்தம் வேலை நடக்கும் இடத்தில் இருக்கும்போது, மருந்தை மட்டும் ஆளுக்குக் கொடுத்து அனுப்பினால் எப்படி? காலையில் சில்வர் பீச்சில் நடங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று நானும் சொல்கிறேன், பலன் இருக்கிறது. ஆனால் நடந்துவிட்டு அதே டூட்டி சார்ட்டுக்குத்தானே போகிறார்கள்.

வேலைப் பளு மட்டுமே ஒருவரைச் சாய்ப்பதில்லை என்று மாஸ்லாக்கும் இன்னொரு உளவியலாளரான மைக்கேல் லைட்டரும் சேர்ந்து விளக்கியிருக்கிறார்கள். தன் வேலையில் தன் பேச்சுக்கு இடம் இருக்கிறதா, நியாயமாக நடத்துகிறார்களா, செய்ததற்கு மதிப்பு உண்டா, கூட இருப்பவர்கள் துணையா, செய்கிற வேலை மனசாட்சிக்கு ஒத்துவருகிறதா என்பதும் கணக்கில் வரும். நான் பார்த்த வரையில் இங்கே அதிகம் அடிபடுவது முதல் இரண்டும்தான். நாளைக்கு எந்த ஷிப்ட் என்பது இன்று ராத்திரி வாட்ஸப்பில் வரும். கேள்வி கேட்காதவர் தலையிலேயே நைட் டூட்டி விழும். நன்றாக வேலை செய்கிறவருக்குக் கிடைக்கும் பரிசு, இன்னொருவருடைய வேலையும் சேர்ந்துதான்.

மேலாளராக, தலைமை ஆசிரியராக இருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. டூட்டியை இரண்டு வாரம் முன்னால் போடுங்கள். ஷிப்ட் மாற்றினால் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாற்றுங்கள். தலைகீழாகச் சுற்றுவதைவிட உடம்பு இதைத் தாங்கும். ராத்திரி பத்து மணிக்கு க்ரூப்பில் மெசேஜ் போடாதீர்கள். சரி, வீட்டிலும் ஒன்று கேட்கிறேன்: வேலைக்குப் போய் வரும் பெண்ணுக்கு அடுப்படி இரண்டாவது ஷிப்டாகிவிடக் கூடாது.

அந்தச் செவிலியரிடம், 'வேலையைக் குறையுங்கள்' என்று போய்க் கேட்க வேண்டாம் என்றேன். அதற்கு 'ஆள் இல்லை' என்ற பதில் தயாராக இருக்கும். குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள் என்றேன். வாரத்தில் எந்த நாள் ஆஃப் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும்படி அவர் மேலிடத்தில் கேட்டார். இரண்டு மாத இழுபறிக்குப் பிறகு கிடைத்தது. இன்னொன்றை அவரே யோசித்தார். வார்டில் ஒரு மரணம் நடந்தால், டூட்டியில் இருப்பவர்கள் டீ போட்டுக்கொண்டு பத்து நிமிடம் சேர்ந்து உட்கார வேண்டும், அதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஏழெட்டு மாதம் கழித்து வந்தார். நெஞ்செரிச்சல் குறைந்திருந்தது. பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"போன வாரம் ஒரு பேஷன்ட் இறந்துட்டாரு மேடம். அவங்க பொண்ணு என் தோள்ல சாஞ்சு அழுதுச்சு. எனக்கும் அழுகை வந்துடுச்சு."

முகத்தில் அவ்வளவு நிம்மதி.